சென்னை நகரக் கிறித்தவப் பெண்களின் சமய வாழ்க்கை

சென்னை நகரக் கிறித்தவப் பெண்களின் சமய வாழ்க்கை ஞாயிறு ஆராதனையோடு முடிவதில்லை. சபைகள், திருத்தலங்கள், வீட்டு ஜெபக்கூட்டங்கள், விடுதி அறைகள், இன்று கைபேசி என்று பல இடங்களில் அது நடைபெறுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்ட மக்களில் 7.7 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். தமிழ்நாடு முழுவதற்கும் இது 6.1 விழுக்காடு. ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை வழிபடுகிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்களில் பெண்கள் பலர். எந்தச் சபைக்குப் போவது, ஞானஸ்நானம் எடுப்பதா, சாதிச் சான்றிதழில் என்ன எழுதுவது, எங்கே திருமணம் செய்வது என்ற கேள்விகள் எழும்போது பக்தியோடு குடும்பச் சட்டமும் இடஒதுக்கீட்டு விதிகளும் சேர்ந்தே வந்து நிற்கின்றன. இதனால் நகரத்துப் பெண்களின் விசுவாசம் பெரும்பாலும் சபைப் பதிவேட்டுக்கு வெளியே தொடங்குகிறது. சிலருக்கு அங்கேயே நிலைத்தும் விடுகிறது.

கிராமச் சபையும் நகரச் சபையும்

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் பழைய சீர்திருத்தச் சபை ஊர்களான மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் போன்றவற்றில் ஊரும் கோயிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன. அங்கே பிறந்த பெண்ணுக்குச் சபையைத் தேர்ந்தெடுக்கும் தேவையே எழுந்ததில்லை. பிறந்ததும் ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், திருமணம் என்று எல்லாம் ஒரே கோயிலில் நடந்தன. கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களிலும் இதே நிலைதான். வழிபடும் கோயில், சாதி, உறவு மூன்றும் ஒரே வட்டத்துக்குள் இருந்தன.

வேலைக்காகவோ திருமணமாகியோ சென்னைக்கு வரும் பெண்ணுக்கு இந்த வட்டம் அறுந்துவிடுகிறது. குடியேறிய தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம், ஒரு கத்தோலிக்கப் பங்கு, ஓர் ஏ.ஜி. சபை, மாடி வீட்டில் நடக்கும் ஒரு சிறிய பெந்தெகொஸ்தே கூட்டம் என நான்கும் இருக்கக்கூடும். கணவர் பிறந்த சபையின் பெயரைச் சொல்லிக்கொண்டு கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களில் மட்டும் போவதும், மனைவி பக்கத்துத் தெருச் சபைக்கு வாரந்தோறும் போவதும் நகரத்தில் அன்றாடம் காணக்கூடியவை. பிள்ளைகள் எந்த ஞாயிறு பள்ளிக்குப் போவார்கள் என்பதைப் பெரும்பாலும் தாயே முடிவு செய்கிறார்.

ஒரு பெண் எங்கிருந்து வந்தவர் என்பதை அவருடைய சொற்களே காட்டிவிடும். சீர்திருத்தச் சபைப் பெண் 'ஜெபம்', 'வேதாகமம்', 'ஞானஸ்நானம்', 'திருவிருந்து' என்பார். கத்தோலிக்கப் பெண்ணுக்கு அவை 'செபம்', 'விவிலியம்', 'திருமுழுக்கு', 'நற்கருணை'. வணக்கத்துக்குப் பதிலாகத் 'தோத்திரம்' சொல்வது நெல்லைச் சீமை வழக்கம். பெந்தெகொஸ்தே சபைகளில் 'பிரைஸ் த லார்ட்'. சபை மாறும் பெண் ஓரிரு ஆண்டுகளில் இந்தச் சொற்களையும் மாற்றிக்கொள்கிறார். ஊருக்குப் போகும்போது பழைய சொற்கள் திரும்பி வந்துவிடுவதும் உண்டு.

தொடக்ககால நகரப் பெண்கள்

நகரம், கல்வி, விசுவாசம் மூன்றும் ஒரு பெண்ணின் வாழ்வில் எப்படி முட்டிக்கொள்கின்றன என்பதை முதலில் எழுத்தில் பதிவு செய்தவர்களில் கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894) முக்கியமானவர். அகமத்நகரில், பிராமண சமூகத்திலிருந்து கிறித்தவம் தழுவிய மராத்தியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலய ஆயர் டபிள்யூ. டி. சத்தியநாதன் குடும்பத்தோடு தங்கிப் படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பு நின்றது. பின்னர் அந்த ஆயரின் மகன் சாமுவேலைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய 'சகுணா' என்ற தன்வரலாற்றுச் சாயல் கொண்ட ஆங்கில நாவல், 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. விசுவாசத்தை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒரு பெண், தன் மக்களையும் மொழியையும் விட்டு விலகாமல் இருக்க விரும்புவதை அது சொல்கிறது. மிஷனரி வீடுகள் இந்தியக் கிறித்தவரை ஒரு படி கீழே வைத்துப் பார்த்ததையும் அது மறைக்கவில்லை. ஆயர் வீட்டுத் திண்ணைக்கும் மருத்துவக் கல்லூரி வகுப்பறைக்கும் நடுவே நின்ற அந்த மாணவியின் நிலை, இன்று வேளச்சேரி விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கும் முற்றிலும் அந்நியமானதல்ல.

கிருபாபாய் இறந்தபின் சாமுவேலை மணந்த கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையிலிருந்து 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். கிறித்தவப் பெண் நடத்திய இதழ் என்றாலும் அதில் எல்லாச் சமயப் பெண்களும் எழுதினர். சரோஜினி நாயுடுவின் எழுத்தும் வந்தது. 1915இல் பல மிஷனரி சங்கங்கள் கூடி மகளிர் கிறித்தவக் கல்லூரியைத் தொடங்கின. எலினார் மக்டூகல் முதல் முதல்வர். முதலாண்டில் 41 மாணவியர். 1947இல் கத்தோலிக்கக் கன்னியர் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கினர். ஒய்.டபிள்யூ.சி.ஏ. போன்ற அமைப்புகளின் விடுதிகள், தனியாக நகரத்துக்கு வரும் பெண்ணுக்கு ஊரார் கண்ணில் மரியாதையான முகவரி ஒன்றைக் கொடுத்தன.

வாரத்தின் நாட்கள்

கிறித்தவப் பெண்ணின் வார நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டுமே ஆயரின் கையில் இருக்கிறது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்கு உரியது. புதன்கிழமை சகாய மாதா நவநாள். சனிக்கிழமை மரியன்னைக்கு. பெரம்பூர் லூர்து மாதா திருத்தலத்துக்கும் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்துக்கும் இந்த நாட்களில் வருகிறவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் மிகுதி. ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும் பெசன்ட் நகர்த் திருவிழாவுக்குக் காவிச் சேலை கட்டிக் கால்நடையாக வரும் பெண்களில் யார் கிறித்தவர், யார் இந்து என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர்களிடம் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. மெழுகுவர்த்தி வாங்குவதற்கும் நேர்ந்துகொள்வதற்கும் ஞானஸ்நானச் சான்று தேவைப்படாத இடம் அது. நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போதுதான் வேறுபாடு தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு உரியது. முற்பகலில் தொடங்கி மதியம் தாண்டி முடியும் இந்தக் கூட்டங்கள் வீட்டில் இருக்கும் பெண்களை மனத்தில் வைத்து உருவானவை. கணவரும் பிள்ளைகளும் வீட்டில் இல்லாத நேரம் அது. பாட்டு, வேதவாசிப்பு, சாட்சி, விண்ணப்ப ஜெபம் என்பது பொதுவான வரிசை. இதில் சாட்சியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கணவரின் குடி, கந்துவட்டிக் கடன், பிள்ளையின் தேர்வு, தைராய்டு, மாமியாருடன் சண்டை என வெளியில் சொல்ல முடியாதவை இங்கே 'கர்த்தர் செய்த நன்மை' என்ற வடிவத்தில் சபை முன் சொல்லப்படுகின்றன. வீட்டில் குரல் எடுபடாத பெண் கையில் ஒலிவாங்கியோடு பத்து நிமிடம் பேசுகிறார். ஐம்பது பேர் கேட்டு 'ஆமென்' சொல்கிறார்கள். இதை ஓர் ஆறுதல் முறை என்று மட்டும் ஒதுக்குவது சரியாகாது. அடுத்த வாரம் அந்தக் குடும்பத்துக்கு அரிசியோ பள்ளிக் கட்டணமோ போய்ச் சேருவதும் பெரும்பாலும் இந்தச் சாட்சியின் வழியாகத்தான். ஆனால் எல்லாச் சாட்சியும் வெற்றியில் முடியவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருப்பதால், ஜெபித்தும் தீராத துன்பத்தை அங்கே சொல்வது கடினம். 'விசுவாசக் குறைவு' என்ற பழி உடனே வந்துவிடும்.

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் சென்னைக் கிறித்தவர்களிடையே களஆய்வு செய்த மானிடவியலாளர் லயனல் கேப்ளன், பழைய சபைகள் கேட்க விரும்பாத நோய், பில்லிசூனியம், பேய் பற்றிய அச்சங்களைப் பெந்தெகொஸ்தே குழுக்கள் பொருட்படுத்திக் கேட்டதை, எளிய மக்கள் அவற்றை நோக்கித் திரும்பியதற்கு ஒரு காரணமாகக் காட்டினார். மிஷனரிக் கல்வியில் வளர்ந்த ஆயர்கள் அவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பெண்களே மிகுதி என்பதால், தள்ளப்பட்டதும் பெரும்பாலும் அவர்களுடைய துன்பம்தான்.

கத்தோலிக்கப் பங்குகளில் பத்துப் பதினைந்து அண்டை வீடுகள் சேர்ந்து கூடும் 'அன்பியம்' இதே வேலையை அமைதியான முறையில் செய்கிறது. மரியாயின் சேனை உறுப்பினர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் உண்டு. அறுப்பின் பண்டிகை நாளில் அவர்கள் சமைத்து விற்கும் பிரியாணியும் பலகாரமும் சபை வருவாயில் நல்ல பங்கு வகிக்கின்றன.

ஞானஸ்நானம் என்னும் கோடு

கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியோடு தொடர்புடைய ஹெர்பர்ட் ஹோபர், இயேசுவை மட்டும் வழிபட்டு, ஆனால் ஞானஸ்நானம் பெறாமல் இருப்பவர்களைப் பற்றிச் சென்னையிலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் ஆய்வு செய்து 1991இல் நூலாக வெளியிட்டார். சபைக்கு வெளியே இருக்கும் இந்தக் கிறித்தவம், வெளியிலிருந்து நினைப்பதைவிடப் பெரியது என்பதே அதன் செய்தி. இவர்களைக் கோழைகள் என்றோ அரைகுறை விசுவாசிகள் என்றோ பேசும் பிரசங்கங்கள் உண்டு. ஆனால் ஒரு பெண் இந்தக் கோட்டைத் தாண்டும்போது எதை இழக்கிறார் என்று பார்த்தால் அந்தத் தயக்கம் வேறு விதமாகத் தெரியும்.

முதலாவது, திருமணம். இந்து திருமணச் சட்டம் 1955இன் 13ஆம் பிரிவின்படி, கணவன் மனைவியரில் ஒருவர் வேறு சமயத்துக்கு மாறினால் மற்றவர் அதைக் காரணமாகக் காட்டி மணமுறிவு கேட்கலாம். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956, மதம் மாறிய மனைவி அந்தச் சட்டத்தின்கீழ் தனி இருப்பிடமும் ஜீவனாம்சமும் கேட்கும் உரிமையை நீக்குகிறது. குற்றவியல் நடைமுறை விதிகளின் வழியாக ஜீவனாம்சம் கேட்க எல்லாச் சமயப் பெண்களுக்கும் தனியே வழி உண்டு என்றாலும், தனக்கென வருமானம் இல்லாத பெண்ணுக்கு இது சிறிய அபாயமல்ல. எனவே இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து, பாட்டுகள் மனப்பாடமாகி, பிறருக்காக ஜெபிக்கும் நிலைக்கு உயர்ந்தபின்னும் திருவிருந்துப் பந்தியிலிருந்து விலகி உட்கார்ந்திருப்பார். வீட்டில் பூசையறை விளக்கையும் அவரே ஏற்றுவார்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒதுக்கீடு அவர்களுக்குக் கிடைக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. சாதி மட்டும் உடன் வருகிறது. சில ஊர்களில் கல்லறையில்கூடத் தனி இடம்தான்.

இதன் விளைவாக, வடசென்னையின் பல குடும்பங்களில் ஞானஸ்நானத்தின் காலத்தை ஆயரைவிட மகளின் கல்லூரிச் சேர்க்கை தீர்மானிக்கிறது. 'பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்' என்று தாய் சொல்வதில் கணக்கும் இருக்கிறது, நோவும் இருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இதே கோட்டின்மேல் நின்றது. புதுச்சேரியில் அரசு எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண் ஒருவர், தான் இந்துவாகவே வாழ்வதாகச் சொன்னார். அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர் என்ற சான்றுகளை வைத்து நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது. சபைப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி அரசு வேலையின் சான்றாக மாறக்கூடும் என்பதை அந்த வழக்கு காட்டியது. மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய 2022இல் ஒன்றிய அரசு நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

திருமணமும் மணமுறிவும்

திருமண விளம்பரங்களில் 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வன்னியர்' என்ற வகைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கூடவே 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகன் தேவை' என்ற வரியும் வரும். சாதியைப் பெற்றோரும் இரட்சிப்பைப் பெண்ணும் எழுதச் சொல்லியிருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றும். பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிய பெண் நகையைக் கழற்றிவிடுவதும், தாலி இல்லாமல் திருமணம் செய்ய விரும்புவதும், ஊரிலிருக்கும் சி.எஸ்.ஐ. அல்லது கத்தோலிக்க உறவினர்களிடம் பெரிய வழக்காகிவிடுகின்றன. சிலுவை பொறித்த தாலி தலைமுறை தலைமுறையாக அவர்கள் கழுத்தில் இருக்கிறது.

மணமுறிவில் சட்டம் நெடுங்காலம் பெண்ணுக்கு எதிராகவே இருந்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டப்படி கணவன், மனைவியின் பிறன்மனை உறவை மட்டும் நிறுவினால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ இரண்டாண்டுக் கைவிடுதலையோ சேர்த்து நிறுவவேண்டும். கொடுமை மட்டும் போதாது. 132 ஆண்டுகள் கழித்து, 2001இல்தான் இது திருத்தப்பட்டு இருவருக்கும் ஒரே காரணங்கள் வைக்கப்பட்டன. இருவரும் ஒப்புக்கொண்டு பிரியும் வழியும் வந்தது. கத்தோலிக்கப் பெண்ணுக்கு இன்னொரு படியும் உண்டு. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு திருச்சபையின் கண்ணில் திருமணத்தை முடிப்பதில்லை. மறுமணத்துக்கு மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் அந்தத் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு நாட்டுச் சட்டத்தின் முன் செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஒரே திருமணத்தின் கதையை அவர் இரண்டு இடங்களில், இரண்டு மொழிநடையில் சொல்லவேண்டியிருக்கிறது. 2015இல் போப் பிரான்சிஸ் திருச்சபை விசாரணை முறையைச் சுருக்கினார்.

பீடமும் பொறுப்பும்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கு ஆயர் பட்டம் அளிக்கிறது. 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டும். 2021இல் வாசகர், பீடத்துணைவர் பணிகள் முறைப்படி பெண்களுக்குத் திறக்கப்பட்டன. இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2010இல் பாலின சமத்துவக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டனர்; பங்குப் பேரவைக் கூட்டங்களில் அது எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது பங்குக்குப் பங்கு மாறுகிறது.

பெந்தெகொஸ்தே சபைகளில் நிலை விசித்திரமானது. தீர்க்கதரிசனம் சொல்ல, பேய் ஓட்ட, உபவாசக் கூட்டம் நடத்தப் பெண்ணுக்குத் தடையில்லை. பாஸ்டர் என்ற பெயர் மட்டும் பெரும்பாலும் கணவருக்கு. சபையை உண்மையில் நடத்துகிறவர் 'பாஸ்டரம்மா' என்று எல்லோரும் அறிந்த சபைகள் உண்டு. தாம்பரம் இரும்புலியூரில் தலைமையிடம் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனில் வெள்ளைச் சேலை உடுத்திய திருமணமாகாத சகோதரிகள் 'விசுவாச வீடு'களில் தங்கி முழுநேர ஊழியம் செய்கிறார்கள். குடும்பத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையை விரும்பும் சீர்திருத்த மரபுப் பெண்ணுக்கு, கத்தோலிக்கக் கன்னியர் மடத்துக்கு நிகரான வழிகளில் இது ஒன்று என்று சொல்லலாம்.

வேலை நேரமும் ஜெப நேரமும்

வெள்ளிக்கிழமை முற்பகல் கூட்டம் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு உதவாது. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும் மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் ஞாயிறு காலை தூங்கும் நேரம். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறும் வேலைநாள்தான். முதலாளி வீட்டுக்கு விருந்தினர் வரும் நாள் அது. இதற்கேற்பச் சபைகள் விடியற்கால ஆராதனை, ஞாயிறு மாலை ஆராதனை, மாதத்தில் ஒரு முழு இரவு ஜெபம் என்று நேரங்களைப் பிரித்துக்கொண்டன.

2020இல் பெருந்தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டபோது ஜெபக்கூட்டங்கள் கைபேசிக்கு மாறின. ஆலயங்கள் திறந்தபின்னும் அவற்றில் பல திரும்பிவரவில்லை. அதிகாலை ஐந்து மணிக்குக் கூட்டு அழைப்பில் இணைந்து, அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்க, ஒலியை அடைத்துவிட்டு 'ஆமென்' சொல்வது இப்போது பழகிய வழக்கம். கேமராவை அணைத்துவிட்டால் யார் கேட்கிறார்கள் என்பது வீட்டாருக்கும் தெரியாது. ஞானஸ்நானம் எடுக்காத பெண்களுக்கு இது புதிய வசதி. கூட்டத்துக்குப் போவதற்குச் சொல்லவேண்டிய காரணம் ஒன்று குறைந்தது. வாட்ஸ்அப் குழுவில் விண்ணப்பங்கள் எழுத்தாக வருகின்றன. சில குழுக்களில் பெயர் போடாமல் 'ஒரு சகோதரிக்காக' என்று மட்டும் எழுதுகிறார்கள்.